1856-ல் ராயபுரம் ரயிலேறியது... ஒரகடம் எப்போது ஏறும்?

வாலாஜாபாத் ரயில் நிலையத்தின் சரக்குத் தளத்தில் புத்தம்புதிய கார்கள் வரிசைகட்டி நிற்கும். நம்பர் பிளேட்கூட இன்னும் மாட்டியிருக்காது. டிரைவர்கள் ஒவ்வொன்றாக ரயில் பெட்டிக்குள் ஓட்டி ஏற்றுவார்கள். சக்கரங்களைக் கட்டிப் பூட்டியதும் வண்டி வட இந்தியாவை நோக்கிக் கிளம்பிவிடும்.

இப்படிக் கார் ஏற்றிப்போகும் பெட்டிகளில் ஒரு வகை உண்டு. அவை ஒருகாலத்தில் பயணிகள் பெட்டிகளாக ஓடியவை. வயதாகி ஓய்வுபெற்ற பிறகு இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, பெட்டியின் முனையில் பெரிய கதவு வைத்து, கார் ஏற்றும் வண்டியாக மாற்றிவிடுகிறார்கள். ரயில்வேயில் இதற்கு 'என்.எம்.ஜி' என்று பெயர். மனிதர்கள் ஜன்னலோரம் சண்டை போட்டு இடம்பிடித்த அதே பெட்டியில் இப்போது கார்கள் போகின்றன.

அந்தக் கார்களைச் செய்த கைகள் எப்படி வீடு திரும்புகின்றன? கம்பெனி பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில், இருசக்கர வாகனத்தில். ஸ்ரீபெரும்புதூரிலும் ரயில் நிலையம் இல்லை, ஒரகடத்திலும் இல்லை. ஹூண்டாய், ரெனோ-நிஸான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, செயின்ட் கோபைன், ஃபாக்ஸ்கான் என உலகப் பெயர்கள் எல்லாம் வந்து இறங்கிய மண்ணில் ஒரு டிக்கெட் கவுன்டர் கிடையாது.

ஒரு ரயில் நிலையம் வருவதால் ஓர் ஊருக்கு என்ன கிடைக்கும்? இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1856-ல் கட்டிய ராயபுரம் ரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. அதன் கதையைக் கேட்டால் போதும்.

வடையும் ஓட்டையும்

முதலில் வரைபடம். சென்னையில் இருந்து மேற்கே போனால் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். அங்கிருந்து தெற்கே திரும்பினால் காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு. பிறகு வடக்கே சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரி, தாம்பரம் வழியாக மறுபடியும் சென்னை. ரயில் பாதை ஒரு முழு வட்டம் போடுகிறது. இந்தத் தடத்தைச் சுற்றிவரும் வட்ட ரயிலே 2019-ல் விடப்பட்டது.

உளுந்து வடையைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். வடைதான் ரயில் பாதை. நடுவில் இருக்கும் ஓட்டையில் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கின்றன. வடக்கே திருவள்ளூர் போக சுமார் 20 கி.மீ. தெற்கே சிங்கப்பெருமாள் கோவிலுக்கோ, தென்மேற்கே வாலாஜாபாத்துக்கோ போகவும் பஸ்தான் ஏற வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ரயில் உண்டு. நடுவில் மட்டும் கிடையாது.

இந்த வட்டத்தின் வடக்கு விளிம்புதான் முதலில் போடப்பட்டது. தென்னிந்தியாவில் பொதுமக்கள் ஏறிய முதல் ரயில் ஓடிய பாதை அது. அதன் தொடக்கப் புள்ளி ராயபுரம்.

ரயிலுக்கு முன்பே தண்டவாளம்

சென்னைக்குத் தண்டவாளம் ராயபுரத்துக்கும் முன்பே அறிமுகம். 1837-ல் செங்குன்றத்தில் இருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் வரை ஒரு சின்னப் பாதை போடப்பட்டது. சாலை போடுவதற்கான கல்லைக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. ஆட்கள் பயணிக்கும் ரயில் அல்ல அது. சில ஆண்டுகளிலேயே மறைந்தும்போனது. ஆனால், இரும்புப் பாதையில் பாரம் சுலபமாக நகரும் என்பதைச் சென்னை அப்போதே பார்த்துவிட்டது.

1845-ல் லண்டனில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கான முதல் முயற்சி நடந்தது. அது கைகூடவில்லை. 1850-களின் தொடக்கத்தில் கம்பெனி மறுபடியும் உருவெடுத்தது. அன்றைய ஏற்பாட்டைக் கேட்டால் இன்றைய தொழிலதிபர்களுக்கே பொறாமை வரும். முதலீடு செய்கிறவர் லண்டன் பங்குதாரர். நிலம் கொடுப்பது அரசு. ரயில் நஷ்டத்தில் ஓடினாலும் பங்குதாரருக்கு 5 சதவீதம் வரை வருமானம் நிச்சயம் என்று அரசே உத்தரவாதமும் கொடுத்தது. அந்தப் பணம் போனது இந்தியர்களின் வரியில் இருந்து. பின்னாளில் தேசியத் தலைவர்கள் ரயில்வேயை விமர்சித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1853-ல் ராயபுரத்தில் வேலை தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று மும்பை போரி பந்தரில் இருந்து தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல் ஹவுராவில் இருந்து ஹூக்ளிக்கு இரண்டாவது தடம். மூன்றாவது முறை சென்னைக்கு.

ஏன் ராயபுரம்?

இன்று 'சென்னையின் ரயில் நிலையம் எது?' என்று கேட்டால் சென்ட்ரல் என்பார்கள், இல்லையென்றால் எழும்பூர் என்பார்கள். ஆனால், 1850-களின் சென்னை வேறு. அரசு இருந்தது ஜார்ஜ் கோட்டையில். வியாபாரம் நடந்தது அதை ஒட்டிய, அன்று 'கறுப்பர் நகரம்' என்று வெள்ளையர் அழைத்த, இன்றைய ஜார்ஜ் டவுன் தெருக்களில். கப்பல் வந்து நின்றது அதற்கு எதிரே கடலில். இந்த மூன்றுக்கும் பக்கத்தில், வடக்கே கடலோரம் இருந்தது ராயபுரம்.

பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பேதுருவை 'ராயப்பர்' என்பார்கள். அங்கே இருக்கும் புனித ராயப்பர் ஆலயத்தை ஒட்டித்தான் ஊருக்கு ராயபுரம் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கடலையும் படகையும் நம்பிய மக்கள் வாழ்ந்த பகுதி அது.

படகு என்றதும் இன்னொன்று. அந்த நாளில் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையில் இருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசுலா படகுகள் அலையைத் தாண்டிப் போய் சரக்கையும் ஆட்களையும் இறக்கிக்கொண்டு வரும். கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்ததே 1861-ல்தான். இங்கிலாந்தில் இருந்து வந்த ரயில் சாமான்களும் அந்த அலையைத் தாண்டித்தான் கரையேற வேண்டியிருந்தது. இன்று ஒரகடத்தில் செய்த காரை எண்ணூரிலும் சென்னைத் துறைமுகத்திலும் கப்பலுக்குள் அப்படியே ஓட்டி ஏற்றிவிடுகிறார்கள். அன்று ஓர் இரும்புத் துண்டைக் கரை சேர்ப்பதே ஒரு நாள் போராட்டம்.

அந்த ஜூலை 1

1856 ஜூன் 28-ல் ராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. ஜூலை 1-ல் ரயில் ஓடத் தொடங்கியது. பாதை ராயபுரத்தில் கிளம்பி பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக ஆற்காட்டுப் பக்கம் இருக்கும் வாலாஜா ரோடு வரை போனது. தூரம் சுமார் 100 கி.மீ.

தொடக்க ஓட்டத்துக்கு இரண்டு ரயில்கள் விடப்பட்டன. ஒன்றில் ஆளுநரும் சுமார் 300 ஐரோப்பியரும் வாலாஜா வரை போனார்கள். இன்னொரு ரயில் திருவள்ளூர் வரை போய்த் திரும்பியது. பெட்டிகளைச் செய்தது சென்னையின் சிம்ப்சன் கம்பெனி. குதிரை வண்டி செய்து பெயர் வாங்கியிருந்த நிறுவனம் அது. வெளிநாட்டு இன்ஜினுக்கு உள்ளூர்க்காரர்கள் பெட்டி கட்டியிருக்கிறார்கள். சென்னையின் வாகனத் தொழிலுக்கு இதையும் ஒரு முன்கதையாகச் சொல்லலாம்.

மாட்டு வண்டியில் நாள்கணக்கில் போன தூரம் ஒரே பகலுக்குள் அடங்கியது. உப்பு, தானியம், துணி, தோல் என எல்லாவற்றுக்கும் புதிய வழி திறந்தது. அங்கிருந்து பாதை வேகமாக நீண்டது. 1862-ல் மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை போய்விட்டது. 1864-ல் ஜோலார்பேட்டையில் பிரிந்து பெங்களூரைத் தொட்டது. 1871-ல் ராய்ச்சூரில் மும்பைத் தடத்தோடு இணைந்தது. ராயபுரத்தில் தொடங்கிய தண்டவாளம் 15 ஆண்டுகளில் மூன்று திசைகளையும் கட்டிப்போட்டது.

தூண்கள் சொல்லும் காலம்

இப்போது கட்டடத்துக்கு வருவோம். சிவப்புச் சுவர், அதற்கு முன்னால் உயரமான வெள்ளைத் தூண்கள், அகலமான முகப்பு. கிரேக்க, ரோமானியக் கோயில்களைப் பார்த்து ஐரோப்பியர் உருவாக்கிக்கொண்ட பாணி. வடிவமைத்தவர் வில்லியம் அடெல்பி டிரேசி. தெரியாதவர் பார்த்தால் ரயில் நிலையம் என்று சொல்ல மாட்டார். ஏதோ பழைய அரண்மனை என்றுதான் நினைப்பார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 'ரயில் நிலையம்' என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அப்போது இங்கே யாருக்கும் தெரியாது. அதனால், தங்களுக்குத் தெரிந்த கௌரவமான கட்டடம் எதுவோ அதையே கட்டினார்கள். கோட்டைக்குள்ளும் மவுன்ட் ரோட்டிலும் வெள்ளையர்கள் எழுப்பிய தூண் வைத்த மாளிகைகளின் அண்ணன் தம்பிதான் ராயபுரம் நிலையம்.

அந்தக் காலச் சென்னைக் கட்டடங்களுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடல் கிளிஞ்சலைச் சுட்டு, அரைத்து, பூசித் தேய்த்தால் பளிங்கு போல மின்னும். பார்த்த வெளிநாட்டவர்கள் வியந்து எழுதிய பூச்சு அது. இரண்டாவது, 'மெட்ராஸ் டெரஸ்' எனும் தளம். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, குறுக்குவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பால் பிடித்து நிறுத்துவார்கள். சிமென்ட்டும் கம்பியும் இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாக நிற்கும். உயரமான கூரையும், காற்று புகும் தாழ்வாரமும் சேர்ந்தால் சித்திரை வெயிலிலும் உள்ளே நிழல் குளிரும். ஃபேன் வராத காலத்து ஏ.சி அதுதான்.

சென்னையின் மூன்று பெரிய நிலையங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வரலாற்று வகுப்பே நடந்துவிடும். ராயபுரம் 1856. அப்போது ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1857 கிளர்ச்சி இன்னும் நடக்கவில்லை. கட்டடம் முழுக்க முழுக்க ஐரோப்பிய முகத்தோடு நிற்கிறது.

அடுத்தது சென்ட்ரல், 1873. ஆட்சி இப்போது விக்டோரியா மகாராணியின் கையில். ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்து, பிறகு ராபர்ட் சிஷோம் மெருகேற்றிய அந்தக் கட்டடத்தில் கோபுரமும் மணிக்கூண்டும் வந்துவிட்டன. தூரத்தில் இருந்தே 'நான்தான் நிலையம்' என்று அது சொல்கிறது.

மூன்றாவது எழும்பூர், 1908. ஹென்றி இர்வின் வடிவமைப்பு. கட்டிக்கொடுத்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாதப் பிள்ளை. குவிமாடம், வளைவுகள், இந்தியச் சாயல் எல்லாம் சேர்ந்த இந்தோ-சாரசெனிக் பாணி. ஐம்பது ஆண்டுகளில் ஆட்சியாளர்கள் தங்கள் முகத்தை எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்பதை இந்த மூன்று நிலையங்களையும் வைத்தே படிக்கலாம்.

மும்பையில் முதல் ரயில் கிளம்பிய பழைய போரி பந்தர் நிலையம் இன்று இல்லை. அதன் இடத்தில் பிரமாண்டமான விக்டோரியா டெர்மினஸ் வந்துவிட்டது. ஹவுராவின் முதல் நிலையமும் போய், புதியது வந்துவிட்டது. ஆகவே, இந்தியாவில் நின்று நிலைத்திருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்கு.

தண்டவாளம் போன வழியில் தொழிற்சாலை

இந்தக் கதையில் ஒரகடத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான்.

ரயில் ஓடத் தொடங்கிய 1856-லேயே பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. அதைச் சுற்றி வேலைக்காரர் குடியிருப்புகள் வந்தன. 1870-களிலும் 80-களிலும் பக்கத்திலேயே பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் எழுந்தன. பின்னாளில் 'பி அண்ட் சி மில்' என்று ஊரே சொன்ன ஆலை. இந்தியாவின் தொழிற்சங்க வரலாறே அங்கிருந்துதான் ஓர் அத்தியாயத்தைத் தொடங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ல் அதே பெரம்பூரில் ஐ.சி.எஃப். இந்தியா முழுக்க ஓடிய லட்சணமான நீலப் பெட்டிகளும், 2018-ல் வந்த முதல் வந்தே பாரத் ரயிலும் பிறந்த வீடு. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. எல்லாமே 1856-ல் போட்ட அதே பாதையின் ஓரத்தில்.

அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் அரக்கோணத்தில் வீடு வைத்துக்கொள்ள முடிந்தது. காலையில் பாஸஞ்சர் ஏறி, அம்பத்தூரிலோ பட்டரவாக்கத்திலோ இறங்கி, நடந்தே பட்டறைக்குப் போனார். கையில் சீசன் டிக்கெட், தோளில் டிபன் பை. சொந்த ஊரையும் விடவில்லை, நகரத்து வேலையையும் விடவில்லை. ரயிலிலேயே சீட்டுக்கச்சேரி, பஜனை, பெண் பார்க்கும் பேச்சு எல்லாம் நடந்தன. திருநின்றவூர், திருவள்ளூர் பக்கம் மனை வாங்கிய எத்தனையோ குடும்பங்களின் முதல் கணக்கே, 'ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம்?' என்பதுதான்.

தெற்கிலும் அப்படியே. 1931-ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் வந்த பிறகு பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் எப்படி வளர்ந்தன என்பதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆக, சென்னையின் முதல் தொழில் வளையம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. இரண்டாவது வளையம் வந்தது 1990-களில். அது நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அடுத்தடுத்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொழிற்பூங்காக்கள் பரவின. ராமானுஜர் பிறந்த ஊர் என்று உலகம் அறிந்திருந்த ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னொரு அடையாளம் வந்தது. வண்டிகள் போக ஆறு வழிச்சாலை வந்தது. ஆட்கள் போக ரயில் வரவில்லை.

மகுடம் இறங்கிய மகாராணி

ராயபுரத்துக்கு என்ன ஆனது? 1873-ல் சென்ட்ரல் வந்தபோதே அதன் முக்கியத்துவம் இறங்க ஆரம்பித்தது. நகரம் மேற்கிலும் தெற்கிலும் விரிந்தது. 1907 வாக்கில் சென்ட்ரலே முதன்மை நிலையமாகிவிட்டது. 1908-ல் மெட்ராஸ் ரயில்வே மறைந்து, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே உருவானது. அதன் தலைமையகம் மட்டும் ராயபுரத்திலேயே இருந்தது. 1922-ல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புதிய தலைமையகக் கட்டடம் திறந்ததும் அதுவும் போய்விட்டது. இன்றைய தெற்கு ரயில்வேயின் தலைமையகம் அந்தக் கட்டடம்தான்.

அதன் பிறகு ராயபுரம் சரக்கு வண்டிகளின் ஊரானது. பழைய கட்டடம் கவனிப்பில்லாமல் நொந்து கிடந்தது. மரபு ஆர்வலர்கள் விடாமல் குரல் கொடுத்ததன் பலனாக 2005-ல் புதுப்பிக்கப்பட்டது. இன்று அங்கே புறநகர் ரயில்கள் நிற்கின்றன. பக்கத்திலேயே மின்சார இன்ஜின் பணிமனை பரபரப்பாக இயங்குகிறது. ஆனால், கடற்கரைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் ஓரிரு நிமிடம் நிற்கும் ரயிலில் இருந்து எட்டிப் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு, தென்னிந்தியாவின் ரயில் பயணமே இங்கேதான் தொடங்கியது என்று தெரியும்?

ராயபுரத்தைச் சென்னையின் இன்னொரு முனையமாக்க வேண்டும் என்பது வட சென்னை மக்களின் நீண்டநாள் கோரிக்கை. தாம்பரம் மூன்றாவது முனையமாக வளர்ந்துவிட்டது. முதன்முதலில் முனையமாக இருந்த ராயபுரம் காத்திருக்கிறது.

ஒரு பயணக் கணக்கு

காத்திருப்பு என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு பையன். ஐ.டி.ஐ முடித்துவிட்டு ஒரகடத்தில் வேலை பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பொங்கல் லீவு முடிந்து திரும்புகிறான். ஆம்பூரில் ரயிலேறினால் வாலாஜா ரோடு, அரக்கோணம், திருவள்ளூர் என நூற்றுக்கும் மேற்பட்ட கி.மீ. தூரத்தைச் சில மணி நேரத்தில் சுலபமாகக் கடந்துவிடுவான். 1856-ல் ஆளுநர் போன அதே தடம்.

திருவள்ளூரில் இறங்கியதும்தான் உண்மையான பயணம் தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அது கிடைத்து, ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, ஒரகடம் போகும் இன்னொரு பஸ்ஸையோ ஷேர் ஆட்டோவையோ பிடிக்க வேண்டும். கடைசி முப்பது, முப்பத்தைந்து கி.மீ. முழுப் பயணத்தின் பாதி அலுப்பைத் தந்துவிடும்.

"ஸ்டேஷன்ல இறங்கிட்டியா கண்ணு?" என்று அம்மா போன் செய்வார். "இறங்கிட்டேம்மா. ஆனா, ரூமுக்குப் போக இன்னும் நேரம் ஆகும்" என்பான். ஒடிசா, பீகார், அசாம் பையன்களுக்கு இது இன்னும் கடினம். நெடுந்தூரம் ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கியும், வேலை பார்க்கும் ஊர் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியின் மின்னணு ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும் பகுதியினர் இளம்பெண்கள். வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கான பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால், அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டில் இருந்து வந்துபோக ஒரு மின்சார ரயில் இருந்திருந்தால், காஞ்சிபுரத்துப் பெண்ணும் அரக்கோணத்துப் பெண்ணும் ராத்திரி சொந்த வீட்டில் தூங்கியிருக்கலாம். அம்பத்தூர்த் தலைமுறைக்குக் கிடைத்த அந்தத் தேர்வு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. கம்பெனி பஸ் ஷிஃப்ட்டுக்கு மட்டும்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை டாக்டரைப் பார்க்க, மாலை வகுப்பில் படிக்க, தோழியின் கல்யாணத்துக்குப் போக அது வராது.

சாலையில் நடப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரி, கார் ஏற்றிய டிரெய்லர், கம்பெனி பஸ், நடுவே ஹெல்மெட் போட்டும் போடாமலும் இருசக்கர வாகனங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுபவரின் வீட்டில் உள்ளவர்கள் அவர் வந்து சேரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

காகிதத்தில் ஓடும் ரயில்

திட்டம் இல்லாமல் இல்லை. ஆவடி – ஸ்ரீபெரும்புதூர் – கூடுவாஞ்சேரி புதிய ரயில் பாதை 2013-14 ரயில்வே பட்ஜெட்டிலேயே இடம்பெற்றது. நீளம் சுமார் 60 கி.மீ. வடையின் ஓட்டைக்குக் குறுக்கே ஒரு கோடு போடும் திட்டம். வடக்கே 1856-ன் பாதையையும் தெற்கே தாம்பரம் – செங்கல்பட்டு பாதையையும் இது இணைத்துவிடும். ஆனால், அந்தத் தடத்தில் ரயில் ஓடவில்லை. பூந்தமல்லியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டும் திட்டமும் பேசப்படுகிறது.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1853-ல் ராயபுரத்தில் வேலை தொடங்கியது. 1856-ல் நூறு கி.மீ.க்கு ரயில் ஓடியது. துறைமுகம் இல்லை, கிரேன் இல்லை, ஜே.சி.பி இல்லை. மூன்றே ஆண்டு. அன்று நிலம் எடுப்பதில் விவசாயியிடம் யாரும் கேட்கவில்லை, வேலை செய்த கூலிக்குப் பாதுகாப்பு கிடையாது என்பதும் உண்மை. அந்த வேகத்தை அப்படியே திரும்பக் கேட்க முடியாது. இன்று நிலத்துக்கு நியாயமான விலை வேண்டும், ஏரிகள் தப்ப வேண்டும், ஊர் மக்கள் சம்மதிக்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். ஆனால், பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகுமா?

வட்டத்தின் தெற்கு விளிம்பிலும் ஒரு பாடம் இருக்கிறது. அரக்கோணம் – காஞ்சிபுரம் பாதை 1865-ல் இந்தியன் டிராம்வே என்ற சின்னக் கம்பெனியால் போடப்பட்டது. குறுகிய பாதை, குறைந்த செலவு. 'முதலில் ஓடட்டும், பிறகு பெரிதாக்கலாம்' என்ற எண்ணம். அந்தக் கம்பெனி பெயர் மாறி, 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வேயில் கலந்தது. பாதை மீட்டர் கேஜாக மாறி, செங்கல்பட்டு வரை நீண்டு, பின்னர் பிராட்கேஜ் ஆனது. இன்று வாலாஜாபாத்தில் கார் ஏற்றுகிறோம் என்றால், அன்று யாரோ சின்னதாக ஒரு தொடக்கம் போட்டதால்தான்.

கம்பெனிகள் வரும், போகும். ராயபுரம் நிலையத்தைக் கட்டிய கம்பெனியே இன்று இல்லை. ஆனால், அது போட்ட பாதையில் திருவள்ளூர்க்காரர் இன்றும் காலையில் வேலைக்குப் போகிறார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரயில் நிலையம் வந்தால், அதற்குத் தூணும் குவிமாடமும் தேவையில்லை. மழைக்கு ஒதுங்கக் கூரை, ராத்திரி ஷிஃப்ட் முடித்து வரும் பெண்ணுக்குப் பளிச்சென்று விளக்கு, சுத்தமான கழிப்பறை, தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் படிக்க ஒரு பலகை, அரை மணிக்கு ஒரு மின்சார ரயில். இவ்வளவு போதும்.

அடுத்த முறை கடற்கரை ரயிலில் ராயபுரத்தைக் கடந்தால், போனில் இருந்து கொஞ்சம் தலையைத் தூக்கி அந்த வெள்ளைத் தூண்களைப் பாருங்கள். முடிந்தால் இறங்கி, பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அதே பிள்ளைகள் வளர்ந்து ஒரகடத்தில் வேலைக்குச் சேரும்போது, ரயிலில் போய் இறங்கட்டும்.